தோல்வியே காணாத டாக்டர்

"பார்த்தியா, இங்க ஒருத்தராவது நொண்டறாங்களா?" என்று மனைவியின் முழங்கையை இடித்தார் இன்ஸ்பெக்டர்.

போலீஸ் இன்ஸ்பெக்டர் இல்லை. தண்ணீர் பம்பு செய்யும் தொழிற்சாலையில் உதிரி பாகங்களைச் சோதிக்கும் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். மிடுக்கு மட்டும் போலீஸுக்கு ஒரு படி மேலேயே இருக்கும். வீட்டுக்கு வாங்கிய முட்டையைக்கூடத் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சமையலறைக்குள் விடுவார்.

அவர் சொன்னது உண்மைதான். அந்த எலும்பு டாக்டரின் வரவேற்பறையில் இருந்தவர்களைப் பார்த்தால் ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்க வந்தவர்கள் என்றுதான் தோன்றும். உள்ளே போனவர் விறுவிறுவென்று நடந்து போனார், வெளியே வந்தவரும் விறுவிறுவென்று நடந்து வந்தார். சுவரில் பளபளவென்று ஒரு பலகை: 'கால், கணுக்கால் அறுவை சிகிச்சை. இதுவரை ஒன்றுகூடத் தோற்றதில்லை.'

"நேத்து போனோமே ஒரு பெரிய ஆஸ்பத்திரி, அங்க எப்படி இருந்தது? ஊர்ல இருக்கற ஊன்றுகோலும் வீல்சேரும் அங்கதான். அந்தாளு கை பட்டா அவ்வளவுதான்."

"பாவம், அவர் எவ்வளவு பொறுமையாச் சொன்னார்," என்றாள் மனைவி. "மூட்டு எலும்பை ஸ்க்ரூ போட்டு ஒண்ணாச் சேர்த்துட்டா வலி போயிடும், ஆனா கணுக்கால் மடங்காது. செயற்கை மூட்டு வச்சா மடங்கும், பின்னாடி மறுபடியும் திறக்க வேண்டி வரலாம். எது பண்ணாலும் உங்கள மாதிரி பத்துப் பேர்ல ஒருத்தருக்குப் புண் ஆறாம இழுத்தடிக்கும்னு ஒளிக்காமச் சொன்னாரே."

"நானும் ஒளிக்காமச் சொல்லிட்டேனே! பத்துக்கு ஒண்ணு கெட்டா எங்க கம்பெனில ஆளை வீட்டுக்கு அனுப்பிடுவோம்னு."

சொன்னது மட்டுமா? அந்த டாக்டரின் மேஜையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கம்பீரமாகக் கிளம்பினார். கதவு வரை சுவரைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியிருந்தது என்பது ஒன்றுதான் குறை.

பழைய எலும்பு முறிவில் தேய்ந்துபோன வலது கணுக்கால். குளியலறைக்குப் போகவே மனைவியின் தோள் வேண்டும். இந்த வருஷத்துக்குள் காலைச் சரிசெய்யாவிட்டால் சோதனைப் பிரிவை வேறொருவரிடம் கொடுத்துவிடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார்.

அவர் முறை வந்தது. தோல்வியே காணாத டாக்டர் எழுந்து நின்று வரவேற்றார். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை.

"பலகையைப் பார்த்ததும் முடிவு பண்ணிட்டேன் டாக்டர். நானும் உங்க மாதிரிதான். என் கையைத் தாண்டிப் போன பம்பு ஒண்ணுகூட ரிப்பேர்னு திரும்பி வந்தது கிடையாது."

"அப்படியா! எப்படி சார் முடியுது?"

"ரொம்ப சிம்பிள். வர்ற பாகத்துல துளி சந்தேகம் இருந்தாலும் உள்ளயே விடமாட்டேன். கேட்லயே திருப்பி அனுப்பிடுவேன்."

டாக்டர் மனம்விட்டுச் சிரித்தார். பிறகு நேற்றைய ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பாதத்தை அங்கங்கே அழுத்திப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

"சுகர் இருக்கா?"

"இருக்கு, ஆனா கட்டுப்பாட்டுல வச்சிருக்கேன்."

மனைவி கூரையைப் பார்த்தாள்.

"சிகரெட்?"

"விட்டாச்சு."

"எப்போ?"

"இப்பத்தான், கீழ வாசல்ல," என்றாள் மனைவி.

டாக்டர் பேனாவை மூடினார். எக்ஸ்ரேயை உறைக்குள் போட்டு, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினார்.

"ஆபரேஷன் எப்போ டாக்டர்?"

"அதை இவர்கிட்டதான் கேக்கணும் சார்." உறையின் மேல் இருந்த பெயரை விரலால் தொட்டுக் காட்டினார். நேற்றைய டாக்டரின் பெயர். "இந்த மாதிரிக் காலையெல்லாம் இவர் ஒருத்தர்தான் துணிஞ்சு தொடுவார். நான் எல்லாரையும் இவர்கிட்டதான் அனுப்பறேன்."

நேற்றுத் தட்டிய மேஜை இன்ஸ்பெக்டரின் கண்முன்னே வந்து நின்றது. மனைவியின் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அப்போ... ஒண்ணுகூடத் தோத்ததில்லைன்னு வெளிய பலகை போட்டிருக்கீங்களே, அது எப்படி?"

டாக்டர் அவருக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"நீங்க சொன்ன முறைதான் சார். கேட்லயே திருப்பி அனுப்பிடுவேன்."