ரங்கூன் கோட்டு

“வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்குப் பஞ்சாயத்து. அதுக்கு முன்னாடி வேணுங்கண்ணா.”

பெரியம்மாள் துணி மூட்டையை மேசைமேல் வைத்தாள். 1942, ஆவணி மாதம். கம்பைநல்லூர்த் தையற்காரர் வெங்கடாசலம் மிஷினிலிருந்து தலையைத் தூக்கினார். அவளைத் தெரியும். அவளுக்குப் பின்னால் நின்றவனைத் தெரியவில்லை.

“இது யாரும்மா?”

“நல்லாக் கேட்டீங்க. எங்க வூட்டுக்காரருங்க.”

வெங்கடாசலம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“மாதப்பனா? அட, என்னப்பா இது! இந்த வாசப்படியில ஒருக்களிச்சு நுழைஞ்ச ஆளு நீ. பாதி ஒடம்ப ரங்கூன்லயே வெச்சுட்டு வந்துட்டியா?”

அவன் சிரித்தான். பேசவில்லை.

“ஜப்பான்காரன் குண்டு போட்டதும் நடந்தே கெளம்பிட்டாருங்க. மூணு மாசம் காட்டு வழி. நடுவுல மலேரியா வேற. கொழுந்தனுக்கே மொத நாளு அடையாளம் தெரியலீங்க. அப்பறம் ஊரே வந்து பாத்து அழுதுட்டுப் போச்சு.”

“பேச்சும் சேந்து இளைச்சுப் போச்சா?”

“பேசினா மூச்சு வாங்குதுங்க.”

மூட்டையில் நான்கு சட்டைகளும் ஒரு கறுப்புக் கோட்டும் இருந்தன. ஐந்து வருஷத்துக்கு முன் மாதப்பன் லீவில் வந்தபோது வெங்கடாசலம் தைத்தவை. ரங்கூனில் துணிக்குப் பஞ்சமில்லை என்று வீட்டிலேயே விட்டுப் போயிருந்தான்.

“சட்டையை அரைக்கையா வெட்டிடறேன். சேலத்துல இப்ப அதுதான். இளைச்ச ஒடம்புக்கு எடுப்பா இருக்கும். கோட்டு வேண்டாம்மா. அதைப் பிரிச்சா ரெண்டு பேருக்குத் தைக்கலாம்.”

“சட்டையை உங்க இஷ்டத்துக்கு வெட்டுங்க. கோட்டு அந்தக் கோட்டாவே இருக்கணும். எங்க ஊருல கோட்டுப் போட்ட ஆளு ஒருத்தருதான்.”

வெங்கடாசலம் அவனிடம் திரும்பினார். “உனக்கு எப்படி வேணும், சொல்லு.”

“அவங்க சொல்றபடி தைங்க,” என்றான் அவன்.

“அவங்களா! சாவைப் பாத்துட்டு வந்தா பொண்டாட்டிக்கு மரியாதை கூடிடுது போல. என் வூட்டுக்காரிகிட்ட சொல்லிடாதீங்க. என்னையும் நடக்க அனுப்பிடுவா.”

பெரியம்மாள் கோட்டை உதறினாள். பாச்சை உருண்டை ஒன்று விழுந்து ஓடியது.

“பஞ்சாயத்து எதுக்கும்மா?”

“பாகம் பிரிக்கத்தாங்க. ஆறு ஏக்கரா கொல்லையையும் கொழுந்தன் காளியப்பனே உழுதுக்கிட்டு இருக்கான். அண்ணனுக்கு ஒடம்பு தேறட்டும், அப்பறம் பாத்துக்கலாங்கறான். கந்தலோட போய் நின்னா ரெண்டு மூட்டை ராகியைக் குடுத்து அனுப்பிடுவாங்க. எனக்குப் புள்ளை குட்டியும் இல்ல. இப்ப வாங்காட்டி எப்பவும் இல்லீங்க.”

அவன் கோட்டைப் போட்டுக்கொண்டான். தோள் இரண்டும் சரிந்து முழங்கைப் பக்கம் தொங்கின. முன்புறம் இன்னோர் ஆள் நுழைய இடமிருந்தது.

“கம்பங்கொல்லையில நிறுத்தினா ஒரு குருவி வராது,” என்றார் வெங்கடாசலம்.

அவன் சிரித்தான். பெரியம்மாள் சிரிக்கவில்லை.

குண்டூசிகளை வாயில் வைத்துக்கொண்டு அவனைச் சுற்றி வந்தார். “மார்ல பத்து அங்குலம். இடுப்புல பன்னெண்டு. தோளையும் ஏத்தணும். புதுசாத் தைக்கறது சுலபம்மா.”

“கஷ்டந்தாங்க. பாத்தா ஒருத்தரும் ஒண்ணும் சொல்லக் கூடாது.”

வியாழக்கிழமை பிற்பகல் இருவரும் வந்தார்கள். அவன் சவரம் செய்திருந்தான். அரைக்கைச் சட்டை சரியாக இருந்தது. அதன்மேல் கோட்டைப் போட்டு, கழுத்துவரை பொத்தான் மாட்டினான். மார்பில் சுருக்கம் இல்லை. தோள், தோளில் நின்றது. நிமிர்ந்தபோது ஐந்தாறு வயது குறைந்தவனாகத் தெரிந்தான்.

“காளியப்பன் பாத்தா எழுந்து நிப்பான்,” என்றார் வெங்கடாசலம். “எங்க, கையை நீட்டு.”

நீட்டினான். கோட்டின் கை மணிக்கட்டுக்கு இரண்டு அங்குலம் மேலேயே நின்றுவிட்டது.

அவர் டேப்பை எடுத்துத் தோள் எலும்பிலிருந்து அளந்தார். மறுபடியும் அளந்தார்.

“இதென்னம்மா? அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி தெச்சப்ப இதே எடத்துலதான் போட்டுப் பாத்தான். மணிக்கட்டை மூடி நின்னுது. இப்பவும் கோட்டுக் கையில நான் கத்திரியே வெக்கல. ஒடம்பு இளைச்சா சதைதான் போகும். கை எலும்பு எப்படி நீளும்?”

அவன் கோட்டைக் கழற்றினான். மடித்து மேசைமேல் வைத்துவிட்டுப் பெரியம்மாளைப் பார்த்தான்.

“வெளியில நில்லுங்க,” என்றாள். அவன் போனான்.

அவள் கோட்டின் கையைப் புரட்டினாள். உள்ளே மடித்துத் தைத்த துணி மூன்று அங்குலம் இருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

“அவரு வழியிலயே போயிட்டாருங்கண்ணா. இவரு அவருகூட நடந்து வந்தவரு. சேதி சொல்ல வந்தாரு, நான்தான் இருக்கச் சொன்னேன். தாலி அறுத்தவளுக்குக் கஞ்சி ஊத்துவாங்க, கொல்லை குடுக்க மாட்டாங்க.” அவள் குரல் மாறவில்லை. “இந்த மடிப்பைப் பிரிச்சு எறக்கி வுடுங்க. நாளைக்கு யாராச்சும் வந்து கேட்டா, மாதப்பனுக்கு எப்பவும் இந்த அளவுதான்னு சொல்லுவீங்களா?”