புகார் ஒத்திகை

இரண்டாவது தடவையும் டெஸ்மண்ட் கெடுத்துவிட்டார்.

"நிறுத்து, நிறுத்து!" சார்ஜண்ட் ஹிலாரி எழுந்தே விட்டார். "டெஸ்மண்ட் ராசா, உன் பர்ஸைப் பிடுங்கிட்டு ஓடிட்டாங்க. தாள்ல அதானே எழுதிக் குடுத்திருக்கேன்? நீ பாட்டுக்கு பஸ் ஸ்டாப்பு, பசங்கன்னு வேற எங்கயோ போறியே?"

"ராசாவுக்கு நாப்பத்தாறு வயசாகுது" என்றார் டெஸ்மண்ட்.

எல்லோரும் சிரித்தார்கள். ஹிலாரி சிரிக்கவில்லை.

மான்செஸ்டருக்கு வடக்கே, ஆல்டன்ஷா காவல் நிலையத்தின் மாடி அறை. மாற்றுத்திறனாளிகள் புகார் கொடுக்க வந்தால் எப்படிப் பேச வேண்டும் என்று போலீஸ்காரர்களுக்குப் பயிற்சி. புகார்தாரராக நடிக்க ஊர் மாற்றுத்திறனாளிகள் சங்கத்திலிருந்து டெஸ்மண்டை அனுப்பியிருந்தார்கள். பிறவியிலேயே அவருக்கு நரம்புக் கோளாறு. நடந்தால் கால் பின்னும், பேசினால் வாய் கோணும், வார்த்தை குழறும். தலையைப் படிய வாரி, டை கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"எனக்கு நடிக்க வரலை" என்றார். "பர்ஸ் என் பாக்கெட்லதான் இருக்கு. போகாததைப் போச்சுன்னு எப்படிச் சொல்றது?"

"போச்சுன்னு சொல்லிடுய்யா!" பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "கீழ சாப்பாடு ஆறிக்கிட்டிருக்கு!"

மறுபடியும் சிரிப்பு.

எதிரே உட்கார்ந்திருந்த கான்ஸ்டபிள் பார்லோதான் கைகாட்டி அடக்கினார். "பரவாயில்ல சார்ஜண்ட். அவருக்கு எது வருதோ அதையே சொல்லட்டும். நான் கேக்கறேன்."

நல்ல மனிதர் பார்லோ. மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனி அதிகாரி ஒருவரை நிலையத்தில் நியமிக்கப் போகிறார்கள். அது அவர்தான் என்று பேச்சு.

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அவசரமே இல்ல. உங்க வேகத்துல சொல்லுங்க."

"இதைக் கவனிங்க எல்லாரும்" என்றார் ஹிலாரி.

டெஸ்மண்ட் ஆரம்பித்தார்.

"என் வீட்டு எதிர்ல பஸ் ஸ்டாப்பு. அங்க சில பசங்க இருப்பாங்க. நான் போனா என்னை மாதிரியே நடந்து காட்டுவாங்க. அது... பழகிப்போச்சு."

"அது பழகக்கூடாத விஷயம்" என்றார் பார்லோ. "மேல சொல்லுங்க."

"திங்கட்கிழமை என் கைத்தடியைப் பிடுங்கிட்டாங்க. குடிகாரன் மாதிரி நடக்கற, குடிகாரன் மாதிரி பேசற, வாடை மட்டுந்தான் குறையுதுன்னு ஒருத்தன் சொன்னான். பீர் கேனைத் திறந்து என் தலையில ஊத்தினான். அப்புறம் ஆளுக்கொரு கேன். சட்டை, பேன்ட், ஷூவுக்குள்ள எல்லாம்..."



"என்னமா நடிக்கிறான் பாரு" என்று பின்வரிசைக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

பார்லோவின் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை.

"இதைப் பசங்க சேட்டைன்னு விட முடியாது, சார். உங்க உடம்பு இப்படி இருக்குங்கறதுக்காகவே செஞ்சிருக்காங்க. இதுக்குப் பேரு வெறுப்புக் குற்றம். கோர்ட்டுல தண்டனை கூடுதலாவே கிடைக்கும். அவங்க யாருன்னு தெரியுமா?"

"ரெண்டு பேரு பேர் தெரியும். அடுத்த தடவை பீர் இல்ல, பெட்ரோல்னு சொல்லியிருக்காங்க. அதுலேர்ந்து நான் வெளிய வர்றதில்ல. ரொட்டி வாங்கக்கூடப் போகலை. இன்னிக்கு நீங்க கார் அனுப்பினீங்க, வந்தேன்."

ஹிலாரி கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். "டெஸ்மண்ட், இது..."

"இருங்க சார்ஜண்ட், அவர் முடிக்கட்டும்" என்ற பார்லோ, டெஸ்மண்டின் பக்கம் குனிந்தார். "இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சொன்னேன். அன்னிக்கே. நனைஞ்ச உடம்போட சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு நேரா இங்கதான் வந்தேன்."

"இங்கயா? நம்ம ஸ்டேஷனுக்கா?"

"கீழ கவுன்ட்டருக்கு."

"புகார் எடுத்தாங்களா?"

டெஸ்மண்ட் இல்லையென்று தலையாட்டினார்.

பார்லோவின் முகம் சிவந்தது. சக போலீஸ்காரர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "பாத்தீங்களா? நாம இங்க உக்காந்து பாடம் படிக்கறோம், கீழ நடக்கறது இது!" மறுபடி டெஸ்மண்டிடம் திரும்பினார். "யார் அது? பயப்படாம சொல்லுங்க. எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் சரி, நான் விடமாட்டேன்."

டெஸ்மண்டின் வாய் கோணியது. தாடை இழுத்துக்கொண்டது. வார்த்தை வர நேரமாயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை. அன்றைய பாடமே அதுதானே.

"நீங்கதான், பார்லோ சார்" என்றார். "கம்ப்யூட்டர்லேர்ந்து நீங்க நிமிரவே இல்ல. 'நாத்தம் தாங்கல, போய்ப் படு, தெளிஞ்சதும் வா'ன்னீங்க. வந்திருக்கேன்."