பைக்குள் விழுந்த ஆயில் ஃபில்டர்

வீட்டு வாசலில் நின்ற காரின் அடியில் இறுக்கமாக உட்கார்ந்திருந்தது பழைய ஆயில் ஃபில்டர். எஞ்சின் ஆயிலில் வந்த அழுக்கையெல்லாம் அதுதான் தனக்குள் வாங்கி வைத்திருந்தது. அன்று அதை மாற்றுவதற்காக வசுமதி காருக்கடியில் படுத்துத் திருகினாள். ஃபில்டர் அசையவே இல்லை.

பக்கத்தில் கிடந்த பாலிதீன் பை கேட்டது: "ஏம்பா இப்படி அடம்பிடிக்கிறே?"

"நான் பிடியை விட்டா உள்ளே இருக்கிற கறுப்பெல்லாம் அவங்க முகத்துலதான் கொட்டும். வாசலே நாறிப்போயிடும். எனக்கு வெட்கமா இருக்கு."

"கொஞ்சமா தளர்ந்து கொடு, போதும். மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்."

ஃபில்டர் பயந்துகொண்டே ஒரு சுற்றுத் தளர்ந்தது. உடனே வசுமதி பையை எடுத்து, அதைக் கழுத்துவரை மூடி, பையோடு சேர்த்துப் பிடித்து மெல்லத் திருகினாள். ஃபில்டர் பைக்குள் விழுந்தது. அடக்கிவைத்த கறுப்பு ஆயில் கொட்டியது. தரையில் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

வசுமதி பைக்குள் எட்டிப் பார்த்தாள். "அடப்பாவமே, இத்தனையையுமா தாங்கிக்கிட்டு இருந்தே!" என்றாள்.

ஃபில்டருக்கு உடம்பே லேசானது. "இன்னும் கொஞ்சம் உள்ளே இருக்கு" என்றது, தயங்கித் தயங்கி.

"வரட்டும், அவசரமே இல்லை" என்றது பை.