பதினேழாம் எண் நாற்காலி

ஆலையில் துண்டு துண்டாகச் செய்து, லாரியில் கொண்டுவந்து, இரண்டே நாளில் பூட்டி நிறுத்திய பள்ளிக்கூடங்களுக்கென்று யாரோ ஒரு மேதை ஐம்பதுகளில் வடிவமைத்த நாற்காலிகள் அவை. ஆறையும் ஏலத்தில் எடுத்த கட்டடக்கலைஞர் விருந்தினர்களிடம் பெருமை அளந்துகொண்டிருந்தார்.

"இதுல பொய்யே கிடையாது. இரும்பு இரும்பாவே இருக்கு, மரம் மரமாவே இருக்கு."

"உக்காரலாமா மாப்பிள்ளை, இல்ல பாக்க மட்டுந்தானா?" என்றார் மைத்துனர்.

உட்கார்ந்தார்கள். கட்டடக்கலைஞர் மட்டும் உடனே எழுந்துவிட்டார். காலையில் அவரே துடைத்து வைத்த பலகை வெதுவெதுப்பாக நனைந்திருந்தது. அடியில் தடவினார். பதினேழு என்று செதுக்கியிருந்தது. மூன்றாம் வகுப்பில் அவருடைய எண். அப்போது ஒருநாள் இதே நாற்காலியை நனைத்ததும் அவர்தான். யாரும் பார்க்காதபோது அதைப் பக்கத்துச் சிறுமியின் நாற்காலியோடு மாற்றி வைத்துவிட்டார். "நான் இல்ல சார்" என்று அவள் அழுதாள். அந்த வருஷம் முழுக்க அவளைக் கண்டால் வகுப்பே மூக்கைப் பிடித்தது. இதை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

காது மடல் சுட்டது. மனைவி சமையலறையில் இருந்தாள். மற்றவர்கள் தட்டில் கண்ணாக இருந்தார்கள். சத்தமில்லாமல் நாற்காலியை அவளுடையதோடு மாற்றினார். கைக்கு அந்த வேலை மறந்திருக்கவில்லை.

மனைவி வந்து உட்கார்ந்தாள். மெல்ல எழுந்தாள். எல்லோரும் நாற்காலியைப் பார்த்தார்கள். அவள் தலை நிமிராமல் கணவரிடம் சொன்னாள்:

"நான் இல்ல சார்."