ஆடிய சீட்டு

ஒரு பழைய வேனின் டிரைவர் சீட்டு திடீரென்று ஆடத் தொடங்கியது. பிரேக் பிடித்தால் முன்னால் சாய்ந்தது, வண்டி கிளம்பினால் பின்னால் சாய்ந்தது.

தன்னைத் தரையோடு பிடித்திருந்த போல்ட்டிடம், "நீ கழண்டுட்டியாப்பா?" என்று சீட்டு கேட்டது.

"இல்லண்ணே, இறுக்கமாத்தான் இருக்கேன்."

டிரைவர் அந்தோணிராசும் போல்ட்டைத்தான் சந்தேகப்பட்டார். ஸ்பானர் வைத்து இன்னும் முறுக்கினார். ஆட்டம் நிற்கவில்லை. 'ஒருவேளை நான்தான் சரியில்லையோ?' என்று போல்ட்டுக்கே குழப்பம் வந்துவிட்டது. சீட்டுக்கோ தன் கால்கள்தான் கோணலோ என்று சந்தேகம். இரண்டும் கீழே ரப்பர் விரிப்புக்கு அடியில் இருந்த தரைத்தகட்டிடம் கேட்டன.

"எனக்கென்ன தெரியும்? நான் பாட்டுக்குக் கிடக்கேன்" என்றது தகடு.

ஒரு நாள் மலை இறக்கத்தில் டிரைவர் முதுகைச் சீட்டில் அழுத்தி பிரேக்கை ஓங்கி மிதித்ததும், சீட்டு அப்படியே பின்னால் சரிந்தது. அந்தோணிராசின் கால் பிரேக்கை விட்டு நழுவியது. ஓரத்து மணல் குவியலில் முட்டி வேன் நின்றதால் அவர் பிழைத்தார்.

மெக்கானிக் அந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினார். தகடு துருப்பிடித்து, போல்ட்டைச் சுற்றிக் கிழிந்திருந்தது. கிழிந்த துண்டைப் போல்ட் இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தது. அவர் துருவை வெட்டியெடுத்து, கனமான புதுத் துண்டை வெல்டிங் வைத்து, சீட்டை மாட்டினார். ஆட்டம் நின்றது.

"தெரிஞ்சும் ஏன்க்கா சொல்லல?" என்று சீட்டு கேட்டது.

தகடு மெதுவாகச் சொன்னது: "இந்த விரிப்பைப் போட்ட அன்னைக்கு, நான் புதுசு மாதிரி இருக்கேன்னு நீங்க ரெண்டு பேரும் சொன்னீங்க. அதுக்கப்புறம் உள்ளே துருன்னு சொல்ல மனசு வரல."

கோபப்படுவதா, இரக்கப்படுவதா என்று சீட்டுக்குத் தெரியவில்லை. போல்ட்டைப் பார்த்தது. போல்ட்டும் சீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.