ஆறு வயதுக் கை

ஆறு வயதில் இடது கையில் வந்த கட்டியைக் கரைக்கக் குமுதாவுக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். வீட்டில் அதற்குக் ‘கரண்ட் வைப்பது’ என்று பெயர். கட்டி கரைந்தது, எலும்பும் அத்தோடு வளர்வதை நிறுத்திக்கொண்டது. பிள்ளை பெற்ற பிறகும் அந்த ஒரு கை ஆறு வயதிலேயே நின்றது. மகள் ஓவியா தினமும் காலையில் தன் உள்ளங்கையை அதோடு ஒட்டிவைத்து அளந்து பார்ப்பாள். ஆறாவது பிறந்தநாள் கழிந்ததும் விரல் நுனிகள் சரியாகப் பொருந்தின. அன்றிலிருந்து குமுதாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்பாள், கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வாள். இன்று ஓவியா விடவில்லை. “இதுக்கு மேல என் கை வளர வேணாம்மா. எனக்கும் கரண்ட் வைக்கச் சொல்லு.” குமுதா கையை உருவப் பார்த்தாள். மகளின் பிடிதான் பலமாக இருந்தது.