புதிதாக ஒரு வீடு

எழுந்து வர முடியாதவர்களின் வீடுகளுக்கு எபிஸ்கோபல் ஆலயத்திலிருந்து நற்கருணை கொண்டுபோவது யூடோராவின் ஞாயிற்றுக்கிழமைத் தொண்டு. அன்று ஆறு வீடுகள் முடித்ததும் காரிலேயே சாய்ந்துவிட்டாள்.

புதிதாக வந்திருந்த பாதிரியார் போன் செய்தார். "யூடோரா, இன்னும் ஒரே ஒரு வீடு. போக முடியுமா?"

"காலு ரெண்டும் வீங்கிப்போச்சு ஃபாதர். வேற யாரும் இல்லையா?"

"இல்லையே. பாவம், படுத்த படுக்கையா இருக்கற பெரியவர். பேரைக்கூடச் சொல்லல. ஞாயித்துக்கிழமை பூரா தனியாக் கெடக்கேன், பேச யாரையாச்சும் அனுப்புங்கன்னாரு."

"சரி, அட்ரஸ் சொல்லுங்க."

"எல்ம் தெரு, பதினாலாம் நம்பர்."

யூடோரா அதை எழுதிக்கொள்ளவில்லை. காலையில் கணவரிடம், "இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அவளே பூட்டி வந்த வீடு அது.